ஐந்து மாடிக்கு ஐந்து மீன்

அந்தக் குடியிருப்பில் சண்டைக்குக் காரணம் தேடி யாரும் அலைய வேண்டியதில்லை. லிஃப்ட் கதவை யார் சாத்தாமல் விட்டார்கள் என்பதில் தொடங்கி, மேல் மாடியில் காயப்போட்ட துணி கீழ் மாடி பால்கனியில் சொட்டியது வரைக்கும் எல்லாமே காரணம்தான். ஐந்து மாடி, மாடிக்கு இரண்டு வீடு, மொத்தம் பத்துக் குடும்பம். பத்துக் குடும்பத்துக்கும் படிப்பு உண்டு, பதவி உண்டு, ஆளுக்கொரு வாயும் உண்டு. போன வருஷக் கூட்டத்தில் முதல் மாடிக்காரர் ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டார். அதை யார் மேல் போடுவது என்று முடிவு செய்வதற்குள் கை வலித்துப்போய்க் கீழே வைத்தார். அன்றுதான் செயலாளருக்கு ஞானம் பிறந்தது.

செயலாளர் போக்குவரத்துக் காவலில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கையைக் காட்டினால் ஊரே நின்றுவிடும் என்ற நினைப்பு அவரை இன்னும் விடவில்லை. மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தால் ரத்த அழுத்தம் குறையும், கோபம் வராது என்று யாரோ அவர் கைபேசிக்கு அனுப்பியிருந்தார்கள். உடனே கீழ்த்தளக் கூடத்தில், லிஃப்டுக்கு எதிரே, நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்றை இறக்கிவிட்டார். மீன் கடையில் போய், "பாக்க அழகா இருக்கணும், அடக்கமாவும் இருக்கணும்" என்று கேட்டார். கடைக்காரர் ஃபைட்டர் மீனைக் காட்டினார். ஆண் மீன் இரண்டைச் சேர்த்து விட்டால் ஒன்றுதான் மிஞ்சும், பெண் மீன் என்றால் சரியாகப் பார்த்துக்கொண்டால் ஒரே தொட்டியில் இருக்கும் என்றார். செயலாளர் காதில் 'ஒரே தொட்டியில் இருக்கும்' மட்டும் விழுந்தது; ஐந்து நிறத்தில் ஐந்து பெண் மீன் வாங்கி வந்தார். 'சரியாகப் பார்த்துக்கொண்டால்' கடையிலேயே தங்கிவிட்டது.

அதோடு நிறுத்தியிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். ஒவ்வொரு மாடிக்கும் தொட்டி தங்களுடையது என்ற எண்ணம் வர வேண்டுமாம். அதற்காக மீன்களைச் சீட்டுக் குலுக்கிப் பங்கு போட்டார். வெள்ளை முதல் மாடிக்கு, பச்சை இரண்டாவது மாடிக்கு, நீலம் மூன்றாவதுக்கு, மஞ்சள் நாலாவதுக்கு, சிவப்பு ஐந்தாவதுக்கு. தொட்டிக்கு மேல் ஒரு பலகையும் மாட்டினார்: 'ஐந்து மாடி, ஒரே குடும்பம்.' குடும்பம் என்றால் என்ன நடக்கும் என்று தெரிந்த யாரும் அப்படி ஒரு பலகையை மாட்ட மாட்டார்கள்.

தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு சாவியம்மா தலையில் விழுந்தது. அங்கே எது விழுந்தாலும் அவள் தலையில்தான் விழும். மோட்டார் போடுவது, படி துடைப்பது, குப்பை எடுப்பது, வீட்டைப் பூட்டிக்கொண்டு சாவியை உள்ளேயே வைத்துவிட்டு வந்து நிற்பவர்களுக்குக் கதவு திறந்துவிடுவது எல்லாம் அவள்தான். பத்து வீட்டு மாற்றுச் சாவியும் அவள் இடுப்பில் தொங்கும்; அதனால் அந்தப் பெயர். பம்பு அறைக்குப் பக்கத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அளவில் ஓர் அறை. பதினோரு வருஷமாக மகளோடு அதில்தான் இருக்கிறாள். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடம் அடுத்த தெரு, பரீட்சைக்கு இன்னும் நாலு மாசம். இந்த அறை போனால் ஊருக்கு வெளியேதான் போக வேண்டும், இரண்டு பஸ் மாறித்தான் பிள்ளை பள்ளிக்கூடம் வர வேண்டும். ஐந்தாவது மாடிப் பல் டாக்டரம்மாவுக்கோ அந்த அறையை உடற்பயிற்சிக் கூடமாக்க வேண்டும் என்று ஆசை. மூன்று வருஷமாகக் கூட்டத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இந்த வருஷமும் கேப்பாங்க," என்றார் செயலாளர், தீனி டப்பாவைச் சாவியம்மா கையில் கொடுத்துக்கொண்டே. "மீனெல்லாம் நல்லா இருந்துச்சுன்னா கூட்டத்துல உனக்காக நான் பேசுறேன். ஒண்ணு செத்தாலும் அப்புறம் எனக்கே பேச வாய் இருக்காது. பாத்துக்கம்மா."

அன்றிலிருந்து ஐந்து மீனின் உயிரும் சாவியம்மாவின் கூரையும் ஒன்றாகிவிட்டன.

முதல் நாள் சாயங்காலத்துக்குள்ளேயே நீலம் சிவப்பின் வாலைக் கடித்துக் கந்தலாக்கிவிட்டது. செவுளை விரித்துக்கொண்டு அது வருவதைப் பார்த்தாலே மற்றவை நாலு மூலைக்கும் ஓடின. தொட்டியிலோ இரண்டு கல், ஒரு பிளாஸ்டிக் செடி. ஒளிய இடம் ஏது? கிளினிக்கிலிருந்து திரும்பிய டாக்டரம்மா கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"எங்க மீனோட வாலை யாரு கடிச்சது?"

"நீலம், மேடம்."

"நீலம்னா மூணாவது மாடியா? நினைச்சேன்."

மூன்றாவது மாடியில் இருந்தவர் பாட்டு டீச்சர். விடியற்காலை ஐந்து மணிக்குத் தொண்டையைத் திறப்பார். அதைப் பற்றி டாக்டரம்மா எழுதிக் கொடுத்த புகார்கள் ஒரு கோப்பு நிறைய இருந்தன. இரண்டு பேரும் லிஃப்டில் சேர்ந்து ஏற நேர்ந்தால் ஒருவர் படியில் போய்விடுவார். ஐந்து மாடி ஏறினாலும் ஏறுவாரே தவிர டாக்டரம்மா விட்டுக்கொடுக்க மாட்டார். அதுவே நல்ல உடற்பயிற்சிதான் என்று அவரிடம் சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை.

மறுநாள் காலையில் சாவியம்மா மீன் கடைக்கு ஓடினாள். கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"செடி எங்கக்கா? மறைவே இல்லாம விட்டா அடிச்சுக்காம என்ன பண்ணும்? ஒருத்தி கண்ணுல இன்னொருத்தி பட்டுக்கிட்டே இருக்கக் கூடாது. தீனியை ஒரே இடத்துல கொட்டாதீங்க, மூணு நாலு இடமாத் தூவுங்க. ரொம்ப வம்பு பண்றவளைப் பிடிச்சு நாலு நாள் தனியா வைங்க. அதுக்குள்ள கல்லு, செடி எல்லாத்தையும் இடம் மாத்திடுங்க. திரும்பி வர்றப்ப அவளுக்கு ஊரே புதுசாத் தெரியும். வாலைச் சுருட்டிக்கிட்டு இருப்பா."

சாவியம்மா சொன்னபடி செய்தாள். நீலத்தை வலையில் பிடித்து, அகலமான ஊறுகாய் ஜாடி ஒன்றை நன்றாகக் கழுவி, அதில் விட்டுத் தன் அறை ஜன்னலில் வைத்தாள். மகள் படிக்கிற மேசைக்குப் பக்கத்தில் நீலம் ஜாடிக்குள் நின்று வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. கூடத்துத் தொட்டியில் அமைதி வந்தது. மாடியில் போனது.

"எங்க மாடி மீனை மட்டும் ஜெயில்ல போட்டிருக்கீங்களாமே?" பாட்டு டீச்சரின் குரல் படிக்கட்டு முழுக்க நிறைந்தது. "விசாரிச்சீங்களா? அந்தச் சிவப்பு என்ன பண்ணுச்சுன்னு யாராவது கேட்டீங்களா? சும்மா இருக்கிறவளைச் சீண்டினா யாருதான் கடிக்க மாட்டாங்க?"

"டீச்சர், அது மீனு. நாலே நாள்தான்."

"நாலு நாளா? அதுக்குள்ள மூணாவது மாடின்னாலே ரவுடி மாடின்னு பேர் வந்துடும்."

அன்றே அவசரக் கூட்டம். இரண்டாவது மாடி வக்கீலுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி ஆகிவிட்டது. வாயெல்லாம் பல்லாக எழுந்து நின்று தீர்மானத்தைப் படித்தார். எந்த மீனும் பாரபட்சமாகத் தனிமைப்படுத்தப்படக் கூடாது. தனிமைப்படுத்தல் அவசியமெனில் ஐந்து மாடி மீன்களும் சுழற்சி முறையில் தலா நான்கு நாட்கள் தனிமைப்படுத்தப்படும். இதில் எந்த மாடிக்கும் சலுகை கிடையாது. எல்லோரும் கை தட்டினார்கள். நியாயம் என்றால் அப்படி ஒரு நியாயம். குற்றம் செய்தவளுக்கும் நாலு நாள், கடி வாங்கியவளுக்கும் நாலு நாள்.

அன்று தொடங்கியது சாவியம்மாவின் கஷ்டகாலம். நீலம் ஜாடியிலிருந்து திரும்பியபோது உண்மையிலேயே அடங்கித்தான் வந்தது. ஆனால் முறைப்படி வெள்ளையைப் பிடித்து உள்ளே வைத்தாயிற்று. வெள்ளை இல்லாத நாலு நாளில் மற்ற நாலும் இடித்துப் பிடித்து, யார் முன்னே யார் பின்னே என்று ஒருவாறு முடிவுக்கு வரும். அதற்குள் வெள்ளை திரும்பி வரும், பச்சை ஜாடிக்குப் போகும். மறுபடியும் முதலிலிருந்து கடி, துரத்தல், கந்தல். தீர்மானம் நிறைவேறிய நாளிலிருந்து தொட்டியில் ஒரு நாளும் சண்டை நிற்கவில்லை. செயலாளரிடம் போய்ச் சொன்னாள்.

"சார், எடுத்து எடுத்து விடுறதாலதான் சண்டையே வருது."

"தீர்மானம் போட்டாச்சேம்மா," என்றார் அவர். அவர் முகத்தைப் பார்த்தால் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருப்பது தெரிந்தது.

இதற்கு நடுவே பாசம் வேறு. தங்கள் மீன் இளைத்திருக்கிறது, அதனால்தான் அடி வாங்குகிறது என்று ஒவ்வொரு மாடியும் தனித்தனியாக முடிவு செய்தது. வேலைக்குப் போகும்போது ஒரு சிட்டிகை தீனி, திரும்பும்போது ஒரு சிட்டிகை. யாரும் பார்க்காதபோது கையை விட்டார்கள். நாலாவது மாடிக்காரர் தன் மஞ்சளுக்கு வாயருகே கொண்டுபோய் ஊட்டினார். ஒரு மீனுக்கு இரண்டு மூன்று உருண்டை போதும் என்று சாவியம்மா எழுதி ஒட்டினாள். அதைப் படித்துவிட்டு, தங்களுக்கு எழுதவில்லை என்பதுபோல் எல்லோரும் போட்டார்கள். மஞ்சளின் வயிறு எலுமிச்சம்பழமாக உப்பி, அது பக்கவாட்டில் சாய்ந்து நீந்தத் தொடங்கியது. தண்ணீர் கலங்கிப் பால் போல ஆனது. அவள் பாதித் தண்ணீரை மாற்றி, மீன்களை ஒரு நாள் பட்டினி போட்டாள். அதற்கும் ஒரு புகார் வந்தது, பட்டினிக் கொடுமை என்று.

சிவப்புதான் அவளைப் பயமுறுத்தியது. உடம்பு வெளிறி, நீள வாக்கில் கோடு விழுந்து, தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றது. தீனியைக் காட்டினால் பார்க்கக்கூட இல்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம், இது செத்தால் முதலில் போவது நாம்தான் என்று நினைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, பாவம் அந்த ஜீவன், அதுவும் நம்மைப் போல ஒண்டிக்கொண்டு கிடக்கிறது என்றும் நினைத்தாள்.

மறுபடி மீன் கடை. நடந்ததைக் கேட்டுக் கடைக்காரர் கொஞ்ச நேரம் சிரித்தார்; அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"நாலு நாளைக்கு ஒரு தடவை தேர்தல் வெச்சா எந்த ஊருதான் உருப்படும்? அவங்களுக்குள்ள ஒரு பெரியவ வேணும்க்கா. யாரு பெரியவன்னு தெரிஞ்சுட்டா மத்தவ தானா ஒதுங்கிக்குவா, கடிக்க வேண்டிய வேலையே இல்ல. இனிமே யாரையும் எடுக்காதீங்க. அஞ்சையும் ஒண்ணா எடுத்துட்டு, உள்ள எல்லாத்தையும் மாத்தி, அஞ்சையும் ஒண்ணாவே விடுங்க. யாருக்கும் பழைய இடம்னு ஒண்ணு இருக்கக் கூடாது." தன் தொட்டிகளில் வெட்டிப் போட்டிருந்த நீர்ச்செடிகளை ஒரு சாக்கு நிறையக் கட்டிக் கொடுத்தார். "நெருக்கமா நடுங்க. மீனே தெரியக் கூடாது."

திங்கள்கிழமை மத்தியானம், எல்லோரும் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், சாவியம்மா கையை முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டு வேலையைத் தொடங்கினாள். கல்லெல்லாம் இடம் மாறியது. முன்னால் செடி, பின்னால் செடி, நடுவில் மிதக்கும் செடி. சாயங்காலம் வந்தவர்கள் பார்த்தது, தண்ணீரில் மூழ்கிய ஒரு புதர்.

"மீன் எங்க?" என்றார் வக்கீல்.

"உள்ளதான் சார் இருக்கு."

வெள்ளிக்கிழமை மஞ்சளின் முறை. செயலாளர் வலையை எடுத்து நீட்டினார். "எங்க இருக்குன்னு காட்டுங்க சார், பிடிச்சுடறேன்," என்றாள் சாவியம்மா பணிவாக. அவர் வலையைத் திரும்ப வாங்கித் தானே அரை மணி நேரம் துழாவினார். இரண்டு இலையும் ஒரு நத்தையும் கிடைத்தன. நத்தைக்கு எந்த மாடியும் சொந்தம் கொண்டாடாததால் அதைத் தனிமைப்படுத்த முடியவில்லை. சுழற்சி முறை அன்றோடு படுத்துவிட்டது. ரத்து செய்ய யாரும் தீர்மானம் போடவில்லை, அதனால் சண்டையும் வரவில்லை.

அதன் பிறகு மீன்களை முழுதாகப் பார்த்தவள் சாவியம்மா ஒருத்திதான். காலை ஆறு மணிக்குத் தீனியைத் தூவும்போது செடியை விலக்கிக்கொண்டு முதலில் நீலம் வரும். அது இரண்டு உருண்டை தின்ற பிறகுதான் வெள்ளை, அப்புறம் பச்சை, அப்புறம் மஞ்சள். எல்லோரும் போன பிறகு சிவப்பு தன் மூலையில் நிதானமாகத் தின்னும். கடியே கிடையாது. யாராவது முறை தவறினால் நீலம் லேசாகச் செவுளை விரிக்கும். அவ்வளவுதான், தவறியவள் நகர்ந்துவிடுவாள். சிவப்பின் வால் கண்ணாடி போல மெல்லிசாக வளரத் தொடங்கியது. கோடெல்லாம் மறைந்து ரத்தச் சிவப்பாகிவிட்டது. அதைப் பார்த்துச் சாவியம்மாவுக்குச் சந்தோஷம் பொங்கியது. தன் கையால் ஓர் உயிர் தேறியதே என்று.

விசித்திரம் என்னவென்றால், மாடிகளிலும் வால் வளரத் தொடங்கியது. மீன் தெரியாததால் லிஃப்டுக்குக் காத்திருந்தவர்கள் சேர்ந்து தேட ஆரம்பித்தார்கள். "அதோ, அந்த இலைக்குப் பின்னாடி!" "அது எங்களுது இல்ல, உங்களுது!" ஒரு நாள் டாக்டரம்மா கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "டீச்சர், ஓடி வாங்க, உங்க பொண்ணு வெளிய வந்திருக்கா" என்று கூப்பிட்டார். அதைக் கேட்ட சாவியம்மா கையிலிருந்த வாளியை நழுவவிட்டாள். அடுத்த வாரம் டாக்டரம்மா டீச்சரின் கடைவாய்ப் பல்லைப் பார்த்துக் கொடுத்தார். டீச்சர் ஐந்து மணிப் பாட்டை ஆறரைக்குத் தள்ளி வைத்தார். இருவரும் ஒரே லிஃப்டில் சிரித்துக்கொண்டே ஏறினார்கள்.

வருஷாந்திரக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தொட்டிக்கு எதிரிலேயே நடந்தது. பத்துக் குடும்பமும் வந்திருந்தது, அதுவும் சிரித்த முகத்தோடு. சாவியம்மா சுவரோரமாக நின்றாள். ஐந்து மீனும் நன்றாக இருக்கின்றன, செயலாளர் நமக்காகப் பேசுவார் என்று தைரியமாகத்தான் நின்றாள்.

டாக்டரம்மா எழுந்தார். "அந்தக் கீழ் ரூமை ஜிம் ஆக்கலாம்னு மூணு வருஷமாச் சொல்றேன். எல்லாருக்கும் உடம்புக்கு நல்லது."

"நானும் ஆதரிக்கிறேன்," என்றார் பாட்டு டீச்சர். "டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

வக்கீல் தலையாட்டினார். நாலாவது மாடிக்காரர் டிரெட்மில் என்ன விலை என்று விசாரிக்கத் தொடங்கினார். சாவியம்மா செயலாளரைப் பார்த்தாள். அவர் பலகையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், பிறகு அவளருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"எல்லாரும் இவ்வளவு ஒத்துமையா கேக்குறப்ப, நான் ஒருத்தன் எப்படிம்மா குறுக்க நிக்கிறது? ஒரு மாசம் டைம் வாங்கித் தர்றேன்."

அப்போதுதான் சாவியம்மாவுக்கு உறைத்தது. போன வருஷம் டாக்டரம்மா கேட்டபோது, டாக்டரம்மா கேட்கிறார் என்பதற்காகவே டீச்சர் மறுத்தார். டீச்சர் மறுத்ததற்காக இரண்டாவது மாடி டாக்டரம்மா பக்கம் போனது, அது போனதற்காக நாலாவது மாடி ஏறுக்கு மாறாக நின்றது. அதற்கு முந்தைய வருஷமும் அதேதான். மூன்று தடவை அவளைக் காப்பாற்றியது இவர்களுடைய நல்ல மனசு இல்லை, இவர்களுடைய சண்டை. அதைத் தன் கையால், ஒரு சாக்குச் செடி போட்டு, அவளே தீர்த்து வைத்திருக்கிறாள். ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"கை தூக்கறதுக்கு முன்னாடி," என்று செயலாளர் குரலை உயர்த்தினார், "நம்ம தொட்டியைப் பத்தி ரெண்டு வார்த்தை. சண்டை போட்டுக்கிட்டிருந்த மீனெல்லாம் இன்னிக்கு எப்படி இருக்குன்னு சாவியம்மாவே சொல்லட்டும். மனசுல பட்டதை உள்ளபடி சொல்லும்மா."

"அஞ்சும் நல்லா இருக்கு சார். சண்டையே இல்ல."

கைதட்டல் அடங்கும் வரை அவள் காத்திருந்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஏன்னா, யாரு பெரியவன்னு அதுங்களுக்குள்ள முடிவாயிடுச்சு."

"யாரு பெரியவ?" என்றார் முதல் மாடிக்காரர்.

"நீலம்தான் சார். மூணாவது மாடி. அது சாப்பிட்ட அப்புறம்தான் மத்தது எல்லாம் வாயைத் திறக்கும்."

பாட்டு டீச்சர் முந்தானையைச் சரி செய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப எங்க சிவப்பு?" என்றார் டாக்டரம்மா.

"கடைசி, மேடம்."

"கடைசின்னா?"

"அஞ்சாவது, மேடம். எல்லாரும் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் மூலையில ஒதுங்கி நிக்கும். நீலம் ஒரு பார்வை பாத்தா போதும், இடத்தைக் காலி பண்ணிடும்."

அத்தனையும் உண்மை. ஒரு எழுத்துக்கூட அவள் கூட்டவில்லை.

"எங்க பொண்ணுக்குப் பிறவியிலேயே ஒரு கம்பீரம்," என்றார் டீச்சர் யாரையும் பார்க்காமல்.

"கம்பீரமா? அதுக்குப் பேர் அடாவடி. மாடியில இருக்கிறவங்க எப்படியோ மீனும் அப்படி."

"டாக்டர், வார்த்தையை அளந்து பேசுங்க. காலையில அஞ்சு மணிக்குப் பாட நான் ஒண்ணும் பயப்படலை. போனாப் போகுதுன்னு விட்டுக் குடுத்தேன்."

"பச்சை எத்தனாவது?" என்று வக்கீல் குறுக்கே கேட்டார். மூன்றாவது என்று தெரிந்ததும் எழுந்தே விட்டார். "முதல் மாடி ரெண்டாவதா? எந்த அடிப்படையில? யாரு முடிவு பண்ணது?" முதல் மாடிக்காரர் அடிப்படை என்ன என்று சொல்ல எழுந்தார். நாலாவது என்ற சொல் நாலாவது மாடிக்காரருக்கு இதற்கு முன் இவ்வளவு கேவலமாகக் கேட்டதில்லை. செயலாளர் இரண்டு கையையும் குறுக்கே நீட்டி நிறுத்திப் பார்த்தார். ஒரு வண்டியும் நிற்கவில்லை.

"ஜிம்முக்கு நான் குடுத்த ஆதரவை வாபஸ் வாங்கிக்கிறேன்!" டீச்சரின் மேல் ஸ்தாயி எல்லாக் குரலையும் தாண்டி எழுந்தது. "ஏழை வீட்டுப் பிள்ளை படிக்கிற ரூமைப் பிடுங்கணுமா? அதுக்கு மூணாவது மாடி ஒரு நாளும் சம்மதிக்காது."

கூட்டம் கலையவே ஒரு மணி ஆகிவிட்டது; கை தூக்கும் கட்டமே வரவில்லை. இந்த அமளியில் யாரும் தொட்டிப் பக்கம் திரும்பவில்லை. மீன்கள் செடிக்குள் இருந்தன.

"இப்படிப் போட்டு உடைச்சிட்டியேம்மா," என்றார் செயலாளர், வேர்வையைத் துடைத்துக்கொண்டு. "அதெல்லாம் சொல்லணுமா?"

"உள்ளபடி சொல்லுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க."

அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தியதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணிலும் தண்ணீர் வந்தது. மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

"என்னம்மா அங்க அவ்வளவு சத்தம்? நம்ம ரூம் என்னாச்சு?"

"அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வெச்சுட்டாங்க."

"அடுத்த வருஷம் எடுத்துட்டாங்கன்னா?"

"எடுக்க மாட்டாங்க. அதுக்கு எல்லாரும் ஒண்ணாக் கை தூக்கணும்," என்றாள் சாவியம்மா. "நீ படி."